குடிகாரன் பேச்சு: ‘ரெசொல்யூஷன்’, ‘பூதகாலம்’ ஆகிய திகில் படங்களில் போதையும் தனிமையும்

‘குடிகாரன் பேச்சு பொழுது விடிஞ்சா போச்சு’ என்னும் பழமொழி, குடிப்பவரின் வாக்குறுதியை நம்பலாகாது என்ற எச்சரிக்கையாகவே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆயின் அதன் வீச்சு வாக்குறுதியோடு நிற்பதில்லை. குடிப்பவர் தாம் கண்டதாகச் சொல்வதையும் தமக்கு நேர்ந்ததாகச் சொல்வதையும் கேளாதிருக்கும் உரிமையைச் சுற்றத்தாருக்கு அது வழங்கிவிடுகிறது. திகில் படத்தின் அடிப்படைச் சிக்கலும் இதுவேயாகும்: ஒருவர் எதையோ காண்கிறார்; உடனிருப்போர் நம்ப மறுக்கின்றனர். போதையையும் பேயையும் ஒரே வீட்டில் குடிவைக்கும் படங்கள் இவ்விரு நம்பிக்கையின்மைகளை எவ்வாறு இணைக்கின்றன என்பதை இரு படங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று, ஜஸ்டின் பென்சன், ஆரன் மூர்ஹெட் ஆகியோர் மிகக் குறைந்த செலவில் இயக்கிய ‘ரெசொல்யூஷன்’ (2012) என்னும் அமெரிக்கப் படம். மற்றொன்று, ராகுல் சதாசிவன் இயக்கத்தில் 2022 ஜனவரியில் சோனி லிவ் தளத்தில் வெளியான ‘பூதகாலம்’ என்னும் மலையாளப் படம்.

இவற்றைச் சேலம் சமவெளியிலிருந்து வாசிப்பதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இராஜாஜி அமைச்சரவையின் அச்சட்டம் கள்ளையும் விலக்கிற்று. பனையைப் பெயரிலேயே தாங்கிய பனமரத்துப்பட்டி போன்ற ஊர்களில் பாளை சீவுவோரின் தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. அதன்பின் மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் விதிக்கப்பட்டு, மறுபடியும் நீங்கியது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 1987இல் தடைசெய்யப்பட்ட கள்ளுக்கு மட்டும் இன்றுவரை விடுதலை இல்லை. ஆக, குடிப்பவர் திருத்தப்பட வேண்டியவர், தண்டிக்கப்பட வேண்டியவர், வருவாய் ஈட்டித் தருபவர் என்ற மூன்று கோலங்களையும் இந்நிலம் கண்டிருக்கிறது. அவர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் இம்மூன்றிலும் இல்லை.

இனி ‘ரெசொல்யூஷன்’. ஊருக்கு வெளியே, பழங்குடியினர் நிலத்தில் பாழடைந்து கிடக்கும் ஒரு குடிலில் கிறிஸ் போதைமருந்தோடு தனித்து வாழ்கிறான். மனைவி கருவுற்றிருக்கும் நிலையில் அவனைத் தேடி வரும் நண்பன் மைக்கேல், மின்அதிர்ச்சிக் கருவியால் அவனை வீழ்த்திக் கைவிலங்கிட்டுக் குழாயோடு பிணைக்கிறான். ஏழு நாள் போதையின்றி இருந்தால் நண்பன் தெளிந்துவிடுவான் என்பது மைக்கேலின் கணக்கு. சேலம் வட்டாரத்து வாசகருக்கு இக்குடில் அயலானதன்று. ஊரைவிட்டு விலகி, வயலுக்கு நடுவே ஒற்றையாய் நிற்கும் காட்டுக்கொட்டாய் இவ்வட்டாரத்தின் இயல்பான குடியிருப்பு. அங்கு எழும் குரல் அடுத்த கொட்டாயை எட்டுவதற்குள் காற்றில் கரைந்துவிடும். தனிமை அங்கு மனநிலையாவதற்கு முன்பே நில அமைப்பாக இருக்கிறது.

குடிலைச் சுற்றி மைக்கேலுக்குப் பழைய ஒளிப்படங்களும் ஒலித்தட்டுகளும் படச்சுருள்களும் ஒவ்வொன்றாய்க் கிடைக்கின்றன. அவற்றில் பதிவாகியுள்ள கதைகள் யாவும் கேடாகவே முடிகின்றன. பின்னர் நண்பர்கள் இருவரின் முடிவையும் காட்டும் காட்சிகளே கிடைக்கத் தொடங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கதைகளைத் திரட்டுகிறது; ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவைக் கேட்கிறது. படத்தின் கூர்மை இங்கேதான் உள்ளது. முடிவைக் கேட்பது அப்பூதம் மட்டுமன்று, மைக்கேலும் அதையே கேட்கிறான். நண்பன் ஏழாம் நாள் திருந்தியவனாக எழ வேண்டும் என்பது அவன் எழுதிவைத்திருக்கும் கதை. தமிழ்த் திரையில் ‘தேவதாஸ்’ (1953) தொடங்கிக் குடிப்பவருக்கு வாய்த்த முடிவுகளும் இரண்டே: சாவு அல்லது திருந்துதல். இடையில் நெடுங்காலம் குடியோடு வாழ்ந்து, விட்டு, மீண்டும் தொட்டு, மீண்டும் விடும் மனிதருக்குக் கதை இல்லை. படம் போகப்போக விலங்கிடப்பட்ட கிறிஸ் கேலியும் தெளிவுமாகப் பேசுகிறான். போதையே தொடாத மைக்கேல்தான் கண்டெடுத்த படச்சுருள்களை விட்டு மீள முடியாதவனாகிறான். அடிமை யார் என்ற வினாவை உரையாடலில் எழுப்பாமல் நிகழ்ச்சிகளால் எழுப்பியிருப்பது பாராட்டுக்குரியது.

ஆனால் அதே விலங்கைப் படம் போதிய அளவு ஐயுறவில்லை. பிணைத்தல் நட்பின் மிகையான வெளிப்பாடாக, ஓரளவு நகைச்சுவையாகவே கடந்துபோகிறது. தமிழ்நாட்டில் இதை அவ்வாறு பார்த்துவிட இயலாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுதலை முற்றாகத் தடைசெய்கிறது. மது, போதைப்பொருள் பயன்பாட்டால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் அச்சட்டம் கொண்டுவந்துள்ளது.

மற்றொரு குறை மருத்துவம் சார்ந்தது. கிறிஸ் விடுவது ஊக்கமூட்டும் வகைப் போதைமருந்து. அதன் விலகல் பெரும்பாலும் சோர்வும் தவிப்புமாகக் கழியும். மதுவுக்கு அது பொருந்தாது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள்களில் சித்தப்பிரமை கண்டு, இல்லாத பூச்சிகளும் ஆள்களும் கண்முன் தோன்றலாம். சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கே கேடாகலாம். இந்நிலையில் இருப்பவரைப் பேய் பிடித்ததாகக் கருதிப் பூசாரியிடம் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு. மைக்கேலின் ஏழு நாள் முறையை ஒரு காட்டுக்கொட்டாயில் ஒரு குடிநோயாளியின்மேல் செலுத்தினால், மூன்றாம் நாளே திகில் படம் உண்மையாகிவிடக்கூடும். குடியை விடுவதாகச் சத்தியம் செய்து கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. அதனாலும் விலகல் நோய் தடைபடாது. எனினும் கயிற்றுக்கு நீட்டப்படுவது குடிப்பவரின் சொந்தக் கை. விலங்கிற்கு அவ்வாறு யாரும் கை நீட்டுவதில்லை.

‘பூதகாலம்’ படத்தில் விலங்கு இல்லை, வீடு இருக்கிறது. மலையாளத்தில் இச்சொல் கடந்த காலத்தைக் குறிக்கும். பூதத்தின் காலம் என்றும் செவியில் விழும். மருந்தியல் படித்து வேலை கிடைக்காத வினு (ஷேன் நிகம்) புகையிலும் குடியிலும் நாள்களைக் கழிக்கிறான். தாய் ஆஷா (ரேவதி) மனச்சோர்வுக்கு ஆளானவள். பாட்டியின் இறப்புக்குப் பின் வீட்டில் எதுவோ நடமாடுவதை வினு உணர்கிறான். அவன் சொல்லை யாரும் ஏற்பதில்லை. குடிக்கிறான், உறக்கமில்லை, வேலையில்லை என்ற மூன்று காரணங்களே அவன் சாட்சியத்தைத் தள்ளிவிடப் போதுமானவை. ஒரே கூரையின்கீழ்த் தாயும் மகனும் தனித்தனி அறைகளில், ஒருவர் அச்சத்தை மற்றவர் நோய் என்று பெயரிட்டு வாழ்கின்றனர். பேய் தோன்றும் காட்சிகளைவிட, இருவரும் பேசிக்கொள்ளாமல் உண்ணும் வேளைகளே மிகுந்த நடுக்கத்தைத் தருகின்றன. அதட்டலுக்கும் கெஞ்சலுக்கும் இடையே ஊசலாடும் தாயை ரேவதி மிகையின்றி உருவாக்கியிருக்கிறார். இதற்காகக் கேரள மாநில அரசின் சிறந்த நடிகை விருதும் பெற்றார்.

வீட்டின் பழைய குடியிருப்பாளர்களைப் பற்றி ஆலோசகர் விசாரிக்கத் தொடங்கியதும் கதை திசைமாறுகிறது. வினு கண்டது மெய் எனத் தெரியவருகிறது. தாயும் அதைக் காண்கிறாள். அந்த இரவில்தான் இருவரும் முதன்முறையாக ஒருவர் கையை மற்றவர் பற்றுகின்றனர். காட்சியாக இது நெகிழ்த்துகிறது, ஆனால் இதற்குப் படம் கொடுக்கும் விலை பெரிது. மகன் நம்பப்படுவதற்குப் பேய் மெய்யாக வேண்டியிருக்கிறது. பேய் பொய்யாகவும் அச்சம் மெய்யாகவும் இருந்திருப்பின், வினு அந்த அறையிலேயே விடப்பட்டிருப்பான். சாட்சியம் சரிபார்க்கப்பட்ட பின்னரே அன்பு கிடைக்கிறது. சரிபார்க்க இயலாத துன்பத்தைக் கேட்கும் செவி அவ்வீட்டில் இருந்ததா என்ற வினாவைப் படம் தொடவில்லை.

தமிழில் இவ்வினாவை அணுகிய படங்கள் திகில் வகைக்கு வெளியே உள்ளன. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021) குடிகாரத் தந்தையைச் சுடுவெயிலில் நடக்கவிட்டு, அவரைப் பின்தொடரும் சிறுவனின் கண்ணாலேயே பெரிதும் காண்கிறது. அச்சம் அங்கே குழந்தையினுடையது, அவ்வாறு இருப்பதே முறையானதும்கூட. குடிப்பவரால் அடிபடுவோரின் சாட்சியத்திற்கே இன்னும் இடம் போதாதபோது, குடிப்பவரின் சாட்சியத்தைக் கோருவது மிகை எனத் தோன்றலாம். எனினும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, பாதிக்கப்பட்டோரில் பலர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். பார்வை மங்குவதும் வயிறு எரிவதும் மெத்தனால் நஞ்சின் முதல் அறிகுறிகள். சாதாரணப் போதையின் உளறலாகவே அவை எளிதில் கொள்ளப்படும். அந்தச் சில மணி நேரத்தில் ‘கண் தெரியவில்லை’ என்று குடித்தவர் சொல்வதை வீட்டிலுள்ள ஒருவர் நம்புவதா வேண்டாமா என்பதில்தான் சிகிச்சையின் தொடக்கம் அமைகிறது.