பார்வைக் கூம்புக்கு அப்பால்

ஒரு படைப்பு எதைக் காட்டுகிறது என்பதோடு எதைக் காட்டாமல் விடுகிறது என்பதையும் ஆராய்வது திறனாய்வின் கடமையாகும். கணினி விளையாட்டும் இதற்கு விலக்கன்று. ஸ்பெயின் நாட்டுப் பைரோ ஸ்டூடியோஸ் உருவாக்கி, 2001இல் வெளிவந்த 'கமாண்டோஸ் 2' இவ்வகையில் நோக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போரில் பகைவர் எல்லைக்குள் ஊடுருவும் சிறு குழுவொன்றை ஆடுவோர் இயக்குகின்றனர். மோதி வெல்வதினும் மறைந்து வெல்வதே இதன் நெறி. காவலனின் பார்வை எட்டும் பரப்பு திரையில் கூம்பாக விரியும். அது திரும்பும் கணத்திற்காகக் காத்திருந்து, ஊர்ந்து கடக்கும்போது பிறக்கும் மனநிறைவே இவ்விளையாட்டின் ஈர்ப்பாகும். விரைவைப் போற்றும் விளையாட்டுகளுக்கிடையே இது பொறுமையைப் போற்றுகிறது.

குறையும் அங்கேதான் தோன்றுகிறது. தவறான ஓர் அடி நெடுநேர உழைப்பை அழித்துவிடும். ஆகவே ஆடுவோர் ஆட்டநிலையை அடிக்கடி சேமித்து, பிழை நேர்ந்ததும் அங்கிருந்தே மீளத் தொடங்குவர். நாளடைவில் சிந்தனை குன்றி, முட்டிமோதி விடை காணும் பழக்கமே எஞ்சும். இழப்புக்கு அஞ்ச வேண்டாதபோது துணிவுக்கு என்ன பொருள்?

பேராக் தமிழர் ஊன்றி நோக்க வேண்டியது குவாய் ஆற்றுப் பாலக் கட்டமாகும். அங்கே பாலத்தைத் தகர்ப்பதே பணி. வரலாற்றில் அதனை 1945இல் சிதைத்தவை நேச நாட்டு வானூர்திகளின் குண்டுகள். அப்பாலம் அமைந்த சயாம்–பர்மா இரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942–43இல் அதனை அமைக்கப் பேராக் உள்ளிட்ட மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்ட போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுவர். ஆயினும் 1957இல் வந்த திரைப்படத்தைப் போலவே இவ்விளையாட்டிலும் தலைமாந்தர் படைவீரரே. பார்வையையே பொருளாகக் கொண்ட விளையாட்டின் பார்வைக்குள் தோட்டத் தொழிலாளி வரவில்லை. சேமித்த நிலைக்கு மீளும் வாய்ப்பும் அவனுக்கு இருந்ததில்லை.

அவனைக் காட்டியவை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' முதலிய மலேசியத் தமிழ் நாவல்கள். அன்றைய தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் மறைந்த இடத்தில் நினைவைத் தாங்க எழுத்தே எஞ்சியுள்ளது. மாணவரிடம் விளையாட்டைப் பறிப்பதால் பயனில்லை. பாலத்தைத் தகர்த்து மகிழ்ந்த மாணவனிடம், அதைக் கட்டியவர் யார் என்று வினவி, விடையாக அந்நாவல்களுள் ஒன்றை அவன் கையில் தருவதே தமிழாசிரியர் செய்யத்தக்கது.