எழுதியது யார்?

மேல்மலையனூரில் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பிரசித்தம். செஞ்சி பக்கமிருந்தும் திண்டிவனம் பக்கமிருந்தும் வருகிற பஸ்களில் நிற்கக்கூட இடம் இருக்காது. அங்காளம்மனை ஊஞ்சலில் வைத்து, பம்பை, உடுக்கையோடு தாலாட்டுப் பாடுவார்கள். அந்தத் தாலாட்டை எழுதியது யார் என்று அங்கே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பாட்டன் பாடினார், அப்பா பாடினார், நான் பாடறேன், அவ்வளவுதான்.

தாலாட்டுக்கு அது சரி. எல்லா எழுத்துக்கும் சரியா?

இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்தையும் தெரிந்துவைத்திருந்த ஒரு குழந்தை எழுத்தாளர் நம்மிடம் இருந்தார். பெ.தூரன். ஈரோடு பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்தவர். கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தை, 1954 தொடங்கி 1968 வரை, பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த தலைமைப் பதிப்பாசிரியர். அது முடிந்ததும் மனுஷர் ஓய்வெடுக்கவில்லை. குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு பத்துத் தொகுதி போட்டார். நடுவில் ‘சூரப்புலி’, ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘கடக்கிட்டி முடக்கிட்டி’ என்று கதைப் புத்தகங்கள். கடைசித் தலைப்பை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அர்த்தம் அப்புறம், முதலில் சத்தம். குழந்தைக்கு எது முதலில் வேண்டும் என்று தெரிந்தவர் வைத்த பெயர் அது.

இவரே நாட்டுப்பாடல்களைத் தேடித் திரட்டி ‘காற்றில் வந்த கவிதை’ என்று ஒரு புத்தகம் போட்டார். தலைப்பிலேயே நியாயம் இருக்கிறது. காற்றில் வந்ததற்குக் கையெழுத்து கிடையாது. ஊரே எழுதியது, ஊருக்கே சொந்தம்.

ஆனால், பாரதி விஷயத்தில் அப்படி விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை.

பாரதி பத்திரிகைக்காரர். 1904-ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர். புதுச்சேரியில் இருந்தபோதும் அதற்கு எழுதி அனுப்பினார். 1920-ல் மறுபடி அங்கேயே வேலை. அடுத்த வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். தினசரியில் எழுதுகிறவன் கதி தெரியுமே? காலையில் கட்டுரை, சாயங்காலம் பஜ்ஜி மடிக்கிற காகிதம். அதிலும் பத்திரிகை எழுத்தில் பெயரே இல்லாமல் வருவது உண்டு. காளிதாசன், சக்திதாசன், ஷெல்லிதாசன் என்று புனைபெயரில் ஒளிந்துகொண்டு வருவதும் உண்டு. கவிதைகள் புத்தகத்தில் ஏறிப் பிழைத்துக்கொண்டன. உரைநடையில் நிறைய பழைய காகிதத்தோடு மட்கிக்கொண்டிருந்தது.

தூரன் சுதேசமித்திரனின் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அகப்பட்டதைத் தேதியோடு தொகுத்து 1953-ல் ‘பாரதி தமிழ்’ என்று வெளியிட்டார். என் கணக்கில் கலைக்களஞ்சியத்துக்கு அடுத்து அவர் செய்த பெரிய காரியம் இதுதான்.

தேதிக்கு அப்படி என்ன மகிமை என்று கேட்பீர்கள். நடையை வைத்தே ‘இது பாரதிதான்’ என்று சொல்லிவிடலாம் என்பார்கள் சிலர். அபாயமான வேலை. பாரதி மாதிரி எழுத ஆசைப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சமா? காது ஏமாறும். எந்த இதழ், எந்த நாள் என்பது ஏமாறாது. சந்தேகப்படுகிறவன் நேரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குறையும் சொல்ல வேண்டும். தூரன் தோண்டியது ஒரு கிணறுதான். ‘இந்தியா’, ‘சக்ரவர்த்தினி’, ‘விஜயா’, ‘கர்மயோகி’ என்று பாரதி எழுதிய இடங்கள் பல. ரா.அ.பத்மநாபன், சீனி.விசுவநாதன், பெ.சு.மணி, ஆ.இரா.வேங்கடாசலபதி என்று பலர் உழைத்து இந்தத் துறையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் ஆரம்பத்திலேயே மண்வெட்டி பிடித்தவர்களில் இந்தக் குழந்தை எழுத்தாளரும் ஒருவர்.

அமெரிக்காவிலும் ஒரு வேடிக்கை நடந்தது. ‘டாம் சாயர்’ எழுதிய மார்க் ட்வைன், 1909-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்த அந்த ஷேக்ஸ்பியர்தான் நாடகங்களை எழுதினாரா என்பது அவர் சந்தேகம். சட்ட நுணுக்கமெல்லாம் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று கிண்டலாகக் கேட்டார். சாமுவேல் க்ளெமன்ஸ் என்ற சொந்தப் பெயரை மறைத்து எழுதினவருக்கு இந்தக் கேள்வி! ஷேக்ஸ்பியர் அறிஞர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ட்வைன் ஒருவரிடமிருந்து பெயரைப் பிடுங்கப் பார்த்தார். தூரன் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். முதலாவதற்கு நக்கல் போதும். இரண்டாவதற்குத் தூசியில் உட்கார வேண்டும்.

இதெல்லாம் புலவர்கள் தகராறு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று காலை உங்கள் வாட்ஸ்அப்பில் பாரதி படம் போட்டு, முண்டாசுக்குக் கீழே நாலு வரி வந்திருக்கலாம். அது பாரதி எழுதியதுதானா? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்? அனுப்பியவருக்குத் தெரியாது. அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. இறந்தவர் எழுதியதைத் தொலைப்பது ஒரு அநியாயம் என்றால், எழுதாததை அவர் தலையில் கட்டுவது அதைவிடப் பெரியது. அவரால் மறுக்க முடியாதே.

தூரனுக்கே என்ன நடந்தது பாருங்கள். அவர் கீர்த்தனைகள் அறுநூறுக்கு மேல். மார்கழியில் சாவேரி ராகத்தில் அவருடைய முருகன் பாட்டு வரும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் யார் பாட்டு என்று கேளுங்கள். பாபநாசம் சிவன் என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். கதைகளுக்கு அந்தத் தவறான பெயர்கூடக் கிடைப்பதில்லை. குழந்தைக் கதை என்றால் யாரோ எழுதியது என்றே வைத்திருக்கிறோம்.

தூரன் 1987-ல் காலமானார். ஒரு யோசனை. ராத்திரி குழந்தைக்குப் புத்தகத்திலிருந்து கதை படிக்கும்போது, தலைப்போடு எழுதியவர் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். மூன்று விநாடி ஆகும். கதையை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று குழந்தைக்குத் தெரியட்டும். நாளைக்குத் தானும் எழுதலாம் என்று அதற்குத் தோன்றுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.