எரேமியாவின் ‘நீங்கள்’ யார்? தமிழ்த் தினத்தியான எழுத்தும் செங்கல்பட்டு நிலமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கிறித்தவரிடையே நாள்தோறும் வாசிக்கப்பெறும் தினத்தியான எழுத்து, எபிரேயத் தீர்க்கதரிசி எரேமியாவின் நூலிலிருந்து சில வசனங்களையே திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறது. மக்கள் கூட்டத்தை நோக்கிக் கூறப்பட்டவையும் நிலத்தைப் பற்றி எழுந்தவையும் அங்கே தனியொருவருக்கான ஆறுதல்களாகின்றன. இம்மாற்றம் நிகழும் முறையை எரேமியா நூலின் 29, 32ஆம் அதிகாரங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நில உரிமையும் இடப்பெயர்வும் வாழ்வனுபவமாக உள்ள செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதிகளை முன்னிறுத்தி, அதனால் நேரும் இழப்பையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தினத்தியானம், எரேமியா, முன்னிலைப் பன்மை, வாக்குத்தத்த வசனம், பஞ்சமி நிலம், செங்கல்பட்டு.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகள் பெரிதும் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் போன்ற காப்பியங்களையும் கீர்த்தனைகளையும் மையமிட்டுள்ளன. ஆயினும் ஒரு சராசரிக் கிறித்தவக் குடும்பம் அன்றாடம் வாசிக்கும் உரைநடை தினத்தியானமே. தேதி, தலைப்பு, வேதபகுதி, ஒரு வசனம், அதற்கொரு சிறு விளக்கம், இறுதியில் இரண்டு மூன்று வரி மன்றாட்டு என்பது அதன் பொது அமைப்பு. ஒரு பக்கத்துள் அடங்கும் இவ்வெழுத்து, தீர்க்கதரிசன நூல்களை மக்கள் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பதைத் தீர்மானிக்கும் வலிமையுடையது. எனவே அதனை இலக்கிய வகையாகக் கொண்டு திறனாய்வது தேவையாகிறது.

வகையின் தோற்றமும் இயல்பும்

நாளுக்கொரு வசனம் என்னும் வழக்கத்துக்குச் செர்மனியின் ஹெர்ன்ஹூட் நகர் முக்கியமான ஊற்றாகும். அங்கிருந்த மொராவியச் சபையினர் 1728இல் நாள்வசனம் கூறும் முறையைத் தொடங்கி, 1731 முதல் அதனை ஆண்டுநூலாக அச்சிட்டனர். அச்சபையினர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தனர். இன்று தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் புத்தாண்டு இரவில் வழங்கப்படும் ‘வாக்குத்தத்த வசன’ அட்டை இம்மரபோடு உறவுடையது.

இவ்வகை எழுத்துக்கு வழங்கும் ‘மன்னா’ என்னும் பெயர் கருதத்தக்கது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் மன்னா அன்றன்றைக்கு அளவோடு சேகரிக்கப்படுகிறது. ஓய்வுநாளுக்குரியது தவிர மறுநாளுக்கு வைத்தது கெட்டுப்போகிறது. தினத்தியானமும் அதுபோல ஒரு நாளுக்குரிய அளவையே தருகிறது. நேற்றைய வசனத்துக்கும் இன்றைய வசனத்துக்கும் தொடர்பு வேண்டியதில்லை. சங்கீதங்களுக்கும் நீதிமொழிகளுக்கும் இவ்வளவு பொருந்தும். வாதமும் வழக்கும் வரலாறும் பின்னிய தீர்க்கதரிசன நூலுக்கு இது பொருந்துமா என்பதே வினா.

முன்னிலைப் பன்மையும் உயர்வுப் பன்மையும்

எரேமியா 29:11 தமிழ் வாக்குத்தத்த அட்டைகளில் பெரிதும் அறிமுகமான வசனம். தம் மக்களைக் குறித்துத் தாம் கொண்டிருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே எனக் கடவுள் உரைக்கும் இடம் அது. எபிரேய மூலத்தில் இங்கு வருவது முன்னிலைப் பன்மை. தமிழ் மொழிபெயர்ப்பும் பன்மையையே காத்துள்ளது. எரேமியாவை மட்டும் விளித்துப் பேசும் 1:5இல் ஒருமை வருவதை ஒப்பிட்டால், மொழிபெயர்ப்பாளர்கள் எண் வேறுபாட்டைக் கவனமாகப் பேணியமை விளங்கும். ஒருமை, பன்மை இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கும் இன்றைய ஆங்கிலத்தில் நேரும் மயக்கம் தமிழ்ப் பாடத்தில் நேரவில்லை.

மயக்கம் வாசிப்பில் நேர்கிறது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவதை வழக்கில் அமைந்த உயர்சொல்லாகவே தொல்காப்பியக் கிளவியாக்கம் ஏற்கிறது; அதனை இலக்கண நெறியாகக் கொள்ளவில்லை. பழைய வேதாகமத் தமிழ் கடவுளுக்கும் பெரியோருக்கும் ‘நீர்’, ‘தேவரீர்’ என்பவற்றை வைத்துக்கொண்டு, ‘நீங்கள்’ என்பதைப் பலருக்கே உரியதாக்கியது. இன்றைய வழக்கிலோ ‘நீங்கள்’ எதிரே நிற்கும் ஒருவரை மதித்து அழைக்கும் சொல்லாகிவிட்டது. ஆகவே நாடுகடத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தை நோக்கிய பன்மை, தியானத்தை வாசிக்கும் தனியொருவருக்குத் தம்மை மதித்து அழைக்கும் குரலாக ஒலிக்கிறது. விளக்கப் பகுதி அதனை ‘உனக்கு’, ‘உன் வாழ்வில்’ என ஒருமைக்கு இறக்கும்போது மாற்றம் முழுமையடைகிறது. வேலை, திருமணம், தேர்வு, நோய் ஆகியன வசனத்தின் பொருளாகின்றன.

எழுபது ஆண்டும் இரண்டு ஆண்டும்

29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அதனை அனுப்புகிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், கொண்டுபோகப்பட்ட நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பன அதன் கட்டளைகள் (29:5-7). எழுபது ஆண்டு நிறைவேறிய பின்னரே திரும்புதல் உண்டு என்கிறது பத்தாம் வசனம். கடிதத்தைப் பெற்ற முதியவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை. வாக்குறுதி அவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் மற்றொரு தீர்க்கதரிசி, எல்லாம் இரண்டு ஆண்டுகளில் சரியாகிவிடும் என்று முழங்குகிறான் (28:3). எரேமியா அவனைப் பொய்யன் என்கிறார். பத்தாம் வசனத்தை விட்டுப் பதினொன்றாம் வசனத்தை மட்டும் ஓர் ஆண்டுக்குரிய வாக்குத்தத்தமாகத் தரும்போது, எரேமியாவின் வாயில் அனனியாவின் செய்தி வைக்கப்படுகிறது. தினத்தியான எழுத்தின் மீது வைக்கத்தக்க மிகக் கடுமையான திறனாய்வு இதுவே.

சொல்லாட்சியும் இதற்குத் துணைபோகிறது. ‘தீர்க்கதரிசி’ தொலைவிலுள்ளதைக் காண்பவர். 1995இல் வெளியான திருவிவிலியம் ‘இறைவாக்கினர்’ என்கிறது. இறைவனின் சொல்லை நிகழ்காலத்தில் உரைப்பவர் என்பது அதன் அழுத்தம். முதற்சொல் வருங்காலப் பலனை எதிர்பார்க்கும் வாசிப்புக்கு எளிதில் இடந்தருகிறது.

2004 திசம்பர் 26 அன்று கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான மாமல்லபுரக் கடற்கரையையும் ஆழிப்பேரலை தாக்கியது. ஐந்து நாளில் புத்தாண்டு இரவு வந்தது. 2005 மார்ச்சில் வெளியான 172ஆம் எண் அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் குடியிருந்தோர் அப்பாலுள்ள புதிய வீட்டைப் பெற விரும்பினால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. கரையை விட்டால் தொழில் தொலைவாகும். கரையில் நின்றால் பாதுகாப்பு குறையும். இத்தகைய சூழலில் வீடு கட்டுதல், குடியிருத்தல், திரும்புதல் என்னும் 29ஆம் அதிகாரச் சொற்கள் ஊர்க்கூட்டத்தில் பேசத்தக்க பொருளுடையவை. அங்கே ‘நீங்கள்’ என்பது மெய்யாகவே பன்மை.

மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

கடவுளால் ஆகாதது ஒன்றுண்டோ எனக் கேட்கும் எரேமியா 32:27 மற்றொரு புகழ்பெற்ற நாள்வசனம். தியானங்களில் இது பெரும்பாலும் தனிவாழ்வில் எதிர்பார்க்கப்படும் அற்புதத்தோடு இணைக்கப்படுகிறது. ஆனால் அந்த அதிகாரம் ஒரு நிலக் கிரயத்தைப் பற்றியது. எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்நிலையில் ஆனதோத்திலுள்ள வயலைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்கிறார் (32:9-14). பகைவர் கையில் விழப்போகும் நிலத்துக்குப் பத்திரம் எதற்கு என்னும் கலக்கத்துக்கு விடையாகவே 27ஆம் வசனம் வருகிறது.

செங்கல்பட்டு வாசகருக்கு இது அயலான கதை அன்று. 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலமற்ற நிலையை விளக்கி அறிக்கை எழுதினார். அதனையொட்டி எழுந்த 1892ஆம் ஆண்டின் 1010ஆம் எண் அரசாணையே பின்னர் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்றவற்றுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்றோர் அக்காலத்தில் இவ்வழக்கைப் பேசினர். நூற்றாண்டு கழித்து, 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது செங்கல்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். பத்திரமும் சாட்சியும் படியும் காலந்தாண்டி நிற்க வேண்டியதன் தேவையை அறிந்த மண் இது. 32:27ஐ நிலத்திலிருந்து பெயர்த்தெடுக்கும் தியானம், அவ்வசனத்தை மிகத் தெளிவாக உணரக்கூடிய வாசகரிடமிருந்தே அதனை விலக்கிவிடுகிறது.

மறுப்பும் விளக்கமும்

துன்பத்திலிருக்கும் ஒருவர் ஒரு வசனத்தைப் பற்றிக்கொள்வதில் தவறென்ன என்று கேட்கலாம். தவறில்லை. தனிமனிதக் குரல் எரேமியா நூலுக்குப் புறம்பானதுமன்று. 11 முதல் 20 வரையுள்ள அதிகாரங்களில் அவர் கடவுளோடு வழக்காடுகிறார். தாம் பிறந்த நாளையே சபிக்கிறார் (20:14). எழுதப்படிக்க நேரமற்ற உழைப்பாளியையும் வேதநூலுக்குள் அழைத்துவந்தது தினத்தியானத்தின் சாதனை. ஆனால் அத்தனிக்குரலிலும் ஆறுதலை மட்டும் எடுத்துப் புலம்பலை விடுவது, துன்புறுவோருக்குத் தம் துயரைச் சொல்லும் மொழியை மறுப்பதாகும்.

முடிவுரை

தினத்தியானம் எரேமியாவைச் சுருக்குவது பக்க அளவினால் மட்டும் நேர்வதன்று. பன்மையை ஒருமையாக வாசிப்பதும், காலக்கெடுவை நீக்குவதும், நிலத்தை அகற்றுவதும் ஆகிய மூன்று செயல்களால் நேர்கிறது. வகையின் அமைப்பை மாற்றாமலே இதனைச் சீர்செய்ய இயலும். ஓர் அதிகாரத்தை ஏழு நாளுக்குப் பகிர்ந்து, கடிதத்தின் சூழல், வீடு, தோட்டம், நகரம், பொய்யான நம்பிக்கை, எழுபது ஆண்டு என முறையே வாசித்து, ஏழாம் நாளில் பதினொன்றாம் வசனத்துக்கு வரலாம். அப்போது அவ்வசனம் ஆறுதலை இழக்காது. யாருக்கு, எப்போது, எந்த மண்ணில் என்பதும் உடன்வரும். தமிழ்த் தினத்தியான இதழ்களைக் கால வரிசையில் திரட்டி, அவற்றின் முன்னிலைப் பெயர்களை ஆராய்வது இத்துறையின் அடுத்த பணியாக அமையும்.