நெருக்கடிக் காலப் படங்கள்: பள்ளிகளும் அளவுகோல்களும்

தமிழகத்தில் வறுமையைப் படமெடுக்கும் மரபின் மூத்த கண்ணி 1876–78 தாது வருஷப் பஞ்சம். சென்னை ராணுவ அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எடுத்த படங்களில் எலும்பும் தோலுமான குடும்பங்கள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பஞ்சத்துக்கு இன்றும் முகமாக நிற்பவை அவையே. ஆனால் அவர்களில் எவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது சுனில் ஜானா வழி. 1943 வங்கப் பஞ்சத்தில் பி. சி. ஜோஷியுடன் ஊர் ஊராகச் சென்று கம்யூனிஸ்ட் கட்சி இதழுக்காக எடுத்த படங்களுக்கு நிவாரணமும் நியாயமுமே நோக்கம். அமெரிக்காவில் டோரதியா லாங்கே 1936-இல் எடுத்த 'புலம்பெயர் தாய்' படத்திலுள்ள பெண்ணின் வயது 32 என்று குறித்துக்கொண்டார், பெயர் கேட்கவில்லை. அந்தத் தாய் யாரென்று 1978-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. முன்னோடிகளிடமும் இந்தக் குறை உண்டு.

அதைப் பெருமளவு தீர்த்தது, பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' ஆவணக் காப்பகத்தின் வழி. அங்கே படத்தோடு பெயரும் ஊரும் தொழிலும் கூலியும் வருகின்றன. தூய்மைப் பணியாளர்களை எம். பழனிகுமார் எடுத்த படங்கள் இவ்வழியின் உச்சம்.

பட்டாபிராமில் ஸ்டுடியோ வைத்துப் படக்கலை கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவரும் இவ்வழியினரே. மின்சார ரயில் நின்றுபோன 2020 ஊரடங்கில், அம்பத்தூர் லேத் பட்டறைக்குப் போய்வந்த ஒருவர் டிவிஎஸ் 50-இல் கீரை விற்றதை அவர் எடுத்தார். பிரிண்டின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவில் பெயர், தேதி, பழைய சம்பளம், அன்றைய வியாபாரம் என நான்கு வரிகள். அந்த நான்கு வரியும் இல்லாத பிரிண்டை மாணவர் நீட்டினால் பார்க்காமலே திருப்பித் தருவார்.

இன்று நல்ல படங்கள் வராமல் இல்லை. யாரையும் குறித்துச் சொல்வதும் நோக்கமன்று. ஆயினும் இன்று படமெடுப்போர் பலர் முதியவரிடம் பீடியைக் கொடுத்துப் புகைவிடச் சொல்கிறார்கள். இருபது கேமராக்கள் ஒரே சுருக்கத்தை எடுக்கின்றன. கறுப்பு வெள்ளையாக்கி, 'வறுமை' என்று தலைப்பிட்டுப் பதக்கம் வாங்குகிறார்கள். அவர் பெயர் கேட்டால் பதிலில்லை. ஊர் கேட்டால் கூகுள் மேப்பைத் திறக்கிறார்கள். லென்ஸின் விலை மட்டும் பைசா சுத்தமாகத் தெரிகிறது. பஞ்சம் பார்க்காத கண்ணுக்குப் பசியும் ஓர் ஒளியமைப்பாகிவிட்டது. இப்படியே போனால் இந்தக் காலத்துக்கு ஆவணமே மிஞ்சாது, பதக்கங்கள்தான் மிஞ்சும்.

பெயர், இடம், நாள், கூலி ஆகிய நான்கும் இல்லாத படம் புகைப்படப் போட்டிகளின் ஆவணப் பிரிவில் ஏற்கப்படாது என்று மூத்தோர் விதி வகுத்தால் போதும். அது புதிய விதியும் அன்று.