மன்னார்க் கடலும் அதன் வரலாற்றாசிரியரும்

ஈழத்து வரலாற்று நூல்களில் மன்னாரைப் பற்றிய பகுதி பெரும்பாலும் ஒரு கொலையில் தொடங்கி ஒரு கோட்டையில் முடிகின்றது. கொலை 1544ஆம் ஆண்டுக்குரியது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மன்னார்த் தீவு மக்கள், அறுநூறு பேர் வரையில், யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலியின் ஆணையால் வெட்டுண்டனர். கோட்டையோ 1560இல் தீவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் எழுப்பியது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று நோக்குவோர்க்கு மன்னாரின் கதை இரு சமயங்களின் மோதலாகவே தோன்றும். அத்தோற்றம் எங்ஙனம் உருவாயிற்று என்பது ஆராயத்தக்கது.

அதனை உருவாக்கியவற்றுள் இரு நூல்கள் தலையாயவை. ஒன்று, கோவாவில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி குவேறோஸ் பாதிரியார் 1687இல் எழுதி முடித்த இலங்கை வெற்றி வரலாறு. மற்றையது, ஒல்லாந்த அதிகாரி மக்காறாவின் வேண்டுகோளுக்கிணங்கி மயில்வாகனப் புலவர் 1736ஆம் ஆண்டளவில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை. குவேறோஸ் எழுதுகையில் இலங்கை போர்த்துக்கேயரின் கையை விட்டுப் போய் முப்பதாண்டு ஆகியிருந்தது. இழந்த நாட்டை மீட்கத் தூண்டுவதே அவர் நோக்கம். வைபவமாலையோ அந்நியருக்குத் தம் நாட்டின் பழம்பெருமையை எடுத்துரைக்கப் பிறந்தது. முன்னவருக்குச் சங்கிலி திருச்சபையின் பகைவன். பின்னவருக்கு அவன் அரசு அழியக் காரணமான கொடுங்கோலன். நோக்கில் இத்துணை வேறுபட்ட இருவரும் சங்கிலியின் வாளைச் சமயவெறுப்பின் வாளாகவே காட்டுவது வியப்புக்குரியது.

வைபவமாலையின் காலக்குழப்பம் பலரும் அறிந்ததே. 1544இன் சங்கிலியையும் 1619இல் அரசிழந்த சங்கிலியையும் அது ஒருவராக்கிவிட்டது. நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமரிசனத்தில் இதனைத் திருத்தினார். ஆயினும் ஆண்டுகளைத் திருத்துதல் வேறு, காரணத்தைத் தேடுதல் வேறு. காரணத்தைத் தேடுவோர் கொலைக்களத்தை விட்டுக் கடலை நோக்க வேண்டும்.

மன்னாருக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த மாதோட்டம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் ஊர். அநுராதபுரத்து அரசின் பெருந்துறையும் அதுவே. 1980க்கும் 1984க்கும் இடையில் கார்ஸ்வெல் குழுவினர் அங்கு நிகழ்த்திய அகழ்வில் சீன நாட்டு மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் ஒருங்கே கிடைத்தன. பின்னர் நிகழ்ந்த அகழ்வில் கிடைத்த கிராம்பொன்று, மொலுக்கஸ் தீவுகளின் சரக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்துறைக்கு வந்ததைக் காட்டிற்று. 1344இல் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்ட இபுன் பதூதா, சைவனாகிய அவ்வரசன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்றும், தனக்கு முத்துக்களைக் காட்டிப் பாவாதமலைக்குச் செல்ல வழித்துணையும் தந்தான் என்றும் எழுதுகின்றார். காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டில் சீனப் பேரரசரின் காணிக்கைகள் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் உரியனவாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

இதனைப் பொற்காலமென்று புகழ்வதும் பொருந்தாது. மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயரிட்டவர் வாளோடு வந்த சோழரே. இபுன் பதூதாவின் மாலுமிகளும் அதே ஆரியச்சக்கரவர்த்தியைக் கடற்கொள்ளைக்காரன் என்றே அஞ்சினர். பூசல் இருந்தது. ஆனால் துறைமுகத்துள் நுழைவோன் எக்கடவுளை வணங்குகிறான் என்ற கேள்வி அப்பூசலை நடத்தவில்லை.

அக்கேள்வி பிறந்த கடல் மேற்கே உள்ளது. இசுலாத்தின் எழுச்சி மத்தியதரைக்கடலின் ஒருமையை உடைத்தது என்று 1937இல் வெளிவந்த நூலில் வாதிட்டார் பெல்சிய நாட்டு வரலாற்றறிஞர் பிரேன். அக்கடல் பிளவுபட்ட பின்னரும் ஒரே வாழ்க்கையையே வாழ்ந்தது என 1949இல் காட்டினார் பிரோதேல். இரண்டிலும் உண்மையுண்டு. 1291இல் ஏக்கர் வீழ்ந்தபின் முசுலிம்களோடு வாணிகம் செய்தலைப் பாப்பரசர் தடுத்தனர். வெனிசு வணிகரோ சிறப்பு அனுமதி பெற்று அலெக்சாந்திரியாவில் மிளகு வாங்கினர். சிலுவைப்போருக்குப் புறப்பட்ட படை 1204இல் கிறித்தவ நகராகிய கொன்சுதாந்திநோபிளையே சூறையாடிற்று. சமயப் பகை ஓயாது முழங்கிய அக்கடலிலும் சரக்கு தன் வழியே போயிற்று.

1415இல் வட ஆபிரிக்காவின் செயுத்தாவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அம்முழக்கத்தைத் தம்மோடு கீழைக்கடலுக்குக் கொணர்ந்தனர். ஒரு சொல்லே இதற்குச் சான்று. தாம் ஐபீரியாவிலும் ஆபிரிக்காவிலும் எதிர்த்துப் போரிட்டவர்களின் பெயராகிய 'மூர்' என்பதனை இக்கரை முசுலிம்களுக்கும் இட்டனர். தமிழர் அவர்களைச் சோனகர் என்றனர். யவனர் என்பதன் வழிவந்த அச்சொல்லும் மத்தியதரைக்கடலிலிருந்து வந்ததே; அது வணிகரோடு வந்தது. மற்றையது போரோடு வந்தது.

எதிர்க்கரையில் 1530களில் நிகழ்ந்தவற்றை இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். முத்துச் சலாபம் பற்றிப் பரவருக்கும் முசுலிம்களுக்கும் மூண்ட பகையில் பரவர் போர்த்துக்கேயரின் காவலை நாடினர். திருமுழுக்கைப் பெற்றுக் காவலையும் பெற்றனர். 1538இல் மண்டபத்தையடுத்த வேதாளையில் கோழிக்கோட்டுக் கப்பற்படை தோற்றபின், திருமுழுக்குப் பெற்ற கரை போர்த்துக்கேயருக்குரிய கரையாயிற்று. ஆறாண்டு கழித்து மன்னார் மக்கள் பிரான்சிஸ் சவேரியாரை அழைத்ததும், அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பியதும் இப்பின்னணியிலேயே. ஞானஸ்நானத் தண்ணீரில் சங்கிலி கண்டது புதுக்கடவுளை அன்று. தன் குடியும் வரியும் கைமாறுவதையே கண்டான். இது அவன் கொடுமைக்குச் சமாதானம் ஆகாது. ஆயினும் வெறும் மதவெறி என்பதைவிட இது நிகழ்ச்சிகளோடு பொருந்துகின்றது.

மறுதரப்பின் நடத்தையும் இவ்வாறானதே. யாழ்ப்பாண மன்னனைத் தண்டிக்க 1545இல் படை திரட்ட முயன்றார் சவேரியார். அம்முயற்சி கைவிடப்பட்டதற்கான காரணம் அவர் கடிதத்திலேயே காணப்படுகின்றது. பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிற்று. சரக்கு மன்னன் கைப்பட்டது. அது மீளும்வரை போர் தொடுக்கத் தளபதிகள் விரும்பவில்லை. மன்னாரில் இறந்தோரின் இரத்தம் ஒரு கப்பற் சரக்குக்காகக் காத்திருந்தது. 1560இல் யாழ்ப்பாணத்தில் கிடைத்த, புத்தரின் தந்தமென்று கருதப்பட்ட பொருளுக்குப் பெகு மன்னன் பெருந்தொகை கொடுக்க முன்வந்தபோது, பணமுடை மிகுந்த கோவா அரசு விற்கவே விழைந்தது. மேற்றிராணியாரின் எதிர்ப்பினால் அது இடித்துப் பொடியாக்கப்பட்டது. முந்திய நிகழ்ச்சியில் சரக்கு வென்றது, பிந்தியதில் சமயம் வென்றது. ஒன்றை உண்மையென்றும் மற்றதை வேடமென்றும் சொல்லிவிட முடியாது.

பிற்கால ஆய்வாளர், சிறப்பாகப் பேராசிரியர் பத்மநாதன் தம் 1978ஆம் ஆண்டு நூலிலும் திக்கிரி அபயசிங்க 1986இலும், யாழ்ப்பாண அரசை வருவாயும் ஆட்சியும் உள்ள அரசாகவே நோக்கினர். இது பெரும் முன்னேற்றம். எனினும் அனைத்தையும் வரிக்கணக்கில் அடக்கும் போக்கு இன்று பெருகி வருவதால் ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. காவலுக்காகச் சேர்ந்தோர் காவல் போனவுடன் விலகியிருக்க வேண்டும்; நிகழ்ந்தது வேறு. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கினர். மாந்தைக் கத்தோலிக்கர் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஒதுங்கினர் என்பது மடுவின் மரபு. யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தது, குவேறோஸ் தம் நூலை முடித்த அதே 1687இல். இம்மக்களுக்கு அப்போது சமயத்தால் விளைந்த உலகியல் இலாபம் யாது? சலாபத்துக்கு மூழ்குவோர் இன்றியமையாதவராதலின் தூத்துக்குடிப் பரவரின் கத்தோலிக்கத்தை மட்டும் ஒல்லாந்தர் பொறுத்துக்கொண்டனர்.

மூழ்குவோரின் சமயத்தை இரு நூலாசிரியரும் தத்தம் கட்சியின் கணக்கிலேயே எழுதினர். கடலில் அது எவ்வாறு இருந்தது என்பதற்கு மார்க்கோ போலோவிடம் ஒரு குறிப்புண்டு: முத்தில் பத்திலொன்று அரசனுக்கு; இருபதிலொன்று சுறாமீன்களை மந்திரத்தால் கட்டும் பிராமணருக்கு. அரசுகள் மாறியும் அப்பதவி மாறவில்லை. கடற்கட்டி வந்து வாய்கட்டினாலன்றி எவரும் மூழ்க இசையார். 1859இல் வெளிவந்த தம் நூலில் அரிப்புச் சலாபத்தைப் பற்றி எழுதும் எமர்சன் தெனன்ற், அக்காலத்துக் கடற்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்பதையும், அதனால் அவருடைய மந்திரத்தின் வலிமை குறைந்ததாக மூழ்குவோர் எவரும் கருதவில்லை என்பதையும் சிறிது வியப்போடு குறித்துள்ளார்.