முதல் அனிமே எது? அக்காவுக்கு ஒரு சிபாரிசு

"ஏன்டா, உன் மருமகன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்த ஜப்பான் கார்ட்டூனைத்தான் பாத்துட்டு இருக்கான். அப்படி என்னதான் இருக்கு அதுல? எனக்கும் ஒண்ணு சொல்லு, பாக்குறேன்."

நாலு மாதத்துக்கு முன்னால் அக்கா போனில் கேட்டது இது. அவளுக்கு ஐம்பது வயது. ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மருமகன் கல்லூரியில் முதலாண்டு. வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு "சாப்பிட்டியா", "ம்" என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். அதனால் அக்கா கேட்டது பொழுதுபோக்குக்காக இல்லை என்று புரிந்தது. மகனிடம் பேச அவளுக்கு ஒரு விஷயம் வேண்டும். முதல் தொடர் சொதப்பிவிட்டால் இரண்டாவது தொடர் என்று ஒன்று இருக்காது.

சிபாரிசு செய்வதில் என்னுடைய பழைய ரெக்கார்டு மோசம். பல வருடங்களுக்கு முன் கூட வேலை பார்த்த ஒரு நண்பருக்கு 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' (1995) தொடரைக் கொடுத்தேன். ஹிதேஆகி அன்னோ இயக்கிய 26 எபிசோட்கள். எனக்கு அது பெரிய படைப்பு. நண்பர் முழுசாகப் பார்த்துவிட்டு வந்து கேட்ட ஒரே கேள்வி: "பாஸ், கடைசில அந்த ரோபோ எல்லாம் என்னாச்சு?" கடைசி இரண்டு எபிசோட்கள் கதையை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பையனின் மனசுக்குள் போய்விடும். அதற்கப்புறம் அவர் அனிமே பக்கமே வரவில்லை.

தப்பு தொடரின் மேல் இல்லை, என் மேல்தான். 1972-ல் வந்த 'மசிங்கர் இசட்', 1979-ல் வந்த 'கண்டம்' என்று ராட்சத ரோபோ கதைகளுக்கு ஜப்பானில் ஒரு நீண்ட மரபு உண்டு. பையன் ரோபோவில் ஏறுவான், உலகத்தைக் காப்பாற்றுவான். எவாஞ்சலியன் அந்த மரபோடு சண்டை போடுகிற தொடர். சண்டையின் முதல் பாதியைக் கேட்காதவரிடம் இரண்டாம் பாதியை மட்டும் போட்டுக் காட்டினால் அவர் என்ன செய்வார்? நம்ம தொழிலில் சொல்வதென்றால், ஒரு லைப்ரரியை இன்ஸ்டால் செய்யப் போனால் அது இன்னும் இருபது லைப்ரரியைக் கேட்கிற மாதிரி.

அதனால் இந்த முறை கொஞ்சம் யோசித்தேன். "எது சிறந்தது" என்பது புதியவருக்குப் பயன்படாத கேள்வி. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்று, முன்கூட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும்? இரண்டு, எப்போது முடியும்? மூன்று, பார்ப்பவரின் சொந்த வாழ்க்கையில் எந்த இடத்தை அது தொடும்?

இரண்டாவது கேள்வியிலேயே பாதிப் பட்டியல் காலி. ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம். 1999-ல் தொடங்கிய 'ஒன் பீஸ்' 1100 எபிசோட்களைத் தாண்டிவிட்டது. அதாவது சுமார் 440 மணி நேரம். தினம் ஒன்று பார்த்தால் மூன்று வருடம். அக்காவுக்கு ரிட்டையர்மென்ட் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம்.

மீதி இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' (2009). 64 எபிசோட், கிட்டத்தட்ட 26 மணி நேரம். ஹிரோமு அரகாவாவின் மாங்காவை முழுமையாக, ஒழுங்கான முடிவோடு சொல்கிறது. நல்ல தொடர்தான், மறுப்பில்லை. ஆனால் முதல் தொடராக அதில் ஒரு குறை இருப்பதை ரசிகர்கள் பேசுவதில்லை. அதே மாங்காவை வைத்து 2003-லேயே 51 எபிசோட்களில் ஒரு தொடர் வந்துவிட்டது. ஆகவே 2009 தொடர் ஆரம்பக் கதைகளை அவசரமாகத் தாண்டிப் போகிறது. மாங்காவில் இல்லாத முதல் எபிசோடில் ஏகப்பட்ட பாத்திரங்கள் வரிசையாக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் விரும்புகிற ஒரு பாத்திரம் பத்தாவது எபிசோடிலேயே இறந்துபோகிறது. பழைய தொடரில் அதே மரணம் 25-வது எபிசோடில். பதினைந்து எபிசோட் கூடப் பழகிய மனிதர் சாவதும், அறிமுகமான சூட்டில் சாவதும் ஒன்றா? பழசைப் பார்த்தவருக்கு இந்த வேகம் சௌகரியம். புதிதாக வருபவருக்கு அது நஷ்டம்.

'டெத் நோட்' (2006), 37 எபிசோட். பெயரை எழுதினால் ஆள் சாகிற நோட்டுப் புத்தகம் ஒரு மாணவன் கையில் கிடைக்கிறது. முன்னறிவு எதுவுமே வேண்டாம். ஒரு எபிசோட் முடிந்ததும் கை தானாக அடுத்ததற்குப் போகும். 25-வது எபிசோடுக்குப் பிறகு சரக்கு குறைகிறது என்பது என் கருத்து. அதைவிட முக்கியம், மகன் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு என்ன பார்க்கிறான் என்று கவலைப்படுகிற அம்மாவுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு கொலை செய்கிற கெட்டிக்காரப் பையனின் கதையைக் கொடுப்பது புத்திசாலித்தனமில்லை.

'கௌபாய் பீபாப்' (1998) பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஷினிசிரோ வதனபேயின் இயக்கம், யோகோ கன்னோவின் இசை, 26 எபிசோட். "முதல் அனிமே" பட்டியல்களில் இது தவறாமல் இருப்பதற்குத் தரம் மட்டும் காரணமில்லை. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் அடல்ட் ஸ்விம் தொடங்கிய முதல் இரவிலேயே இது ஒளிபரப்பானது. அங்கே ஒரு தலைமுறைக்கு நிஜமாகவே முதல் தொடர் இதுதான். ஜாஸ், ப்ளூஸ், பழைய துப்பறியும் படம், வெஸ்டர்ன் என்று அது கலந்து விளையாடுகிற சாமான்கள் எல்லாம் அவர்கள் வீட்டுச் சாமான்கள். அங்கே அது வாசல். அந்தப் படங்களையோ இசையையோ அறியாத அக்காவுக்கு அது இன்னொரு வெளிநாட்டு வீடு. நாம் அந்தப் பட்டியலை அப்படியே காப்பி பேஸ்ட் செய்கிறோம்.

என் மனசுக்கு நெருக்கமானது 'முஷிஷி' (2005). தனித்தனிக் கதைகள். மனிதர்களுக்கும், கண்ணுக்குத் தெரியாத சில உயிர்களுக்கும் நடுவே ஒரு வைத்தியன் நடந்துகொண்டே இருக்கிறான். நம் பாட்டிமார் கதைகளுக்குப் பக்கத்தில் வருகிற உலகம். ஆனால் அக்கா டிவி முன் உட்காருவது ராத்திரி ஒன்பதரைக்கு. அந்த அமைதியில் ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவாள். அது தொடரின் குறை இல்லை.

"மருமகன் பார்க்கிறதையே காட்ட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். அவனுக்குப் பிடித்தது 'அட்டாக் ஆன் டைட்டன்' (2013). அதன் முதல் எபிசோடிலேயே மகன் கண்ணெதிரில் அம்மாவை ஒரு ராட்சதன் தின்கிறான். தொடர் முழுக்க அந்த ஒரு காட்சியிலிருந்துதான் நகர்கிறது, அதனால் அதைச் சும்மா வைத்த வன்முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் "அப்படி என்னதான் இருக்கு அதுல" என்ற கேள்விக்கு முதல் நாளே இந்தப் பதிலைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கடைசியில் நான் கொடுத்தது 'பிளானெட்டஸ்' (2003). மகோதோ யுகிமுராவின் மாங்கா, கோரோ தனிகுச்சி இயக்கம், 26 எபிசோட், பத்தரை மணி நேரம். 2075-ம் ஆண்டு. பூமியைச் சுற்றும் விண்வெளிக் குப்பையைப் பொறுக்குகிறவர்களின் கதை. குப்பை என்றால் சாதாரணமில்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் பொருட்கள் நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒரு திருகாணி போதும், பயணிகள் கலத்தையே உடைத்துவிடும். தொடர் அப்படி ஒரு விபத்தோடுதான் ஆரம்பிக்கிறது. மோதல் துண்டுகளை உண்டாக்கும், துண்டுகள் மறுபடி மோதல்களை உண்டாக்கும் என்று டொனால்ட் கெஸ்லரும் அவர் சகாவும் 1978-லேயே எழுதினார்கள். தொடர் முடிந்து ஐந்து வருடம் கழித்து, 2009 பிப்ரவரியில் ஒரு இரிடியம் செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளும் நிஜமாகவே மோதிக்கொண்டன. 2019 மார்ச்சில் இந்தியாவும் சொந்தச் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைத்துத் தன் பங்குக்குக் கொஞ்சம் துண்டுகளைச் சேர்த்தது.

ஆனால் அக்காவுக்காக இதை எடுத்தது அறிவியலுக்காக இல்லை, ஆபீஸுக்காக. குப்பை பொறுக்கும் பிரிவுக்குக் கம்பெனியில் மரியாதை கிடையாது. லாபம் தராத பிரிவு. தேவையான ஆளில் பாதிதான் இருப்பதால் மற்றவர்கள் வைத்த பெயர் 'ஹாஃப் செக்‌ஷன்'. கப்பல் ஓட்டை. எதற்கெடுத்தாலும் மேலே எழுதிக் கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த தனபே என்ற பெண் எல்லாவற்றையும் நியாயம் பேசியே சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறாள். எதெல் என்ற தற்காலிக ஊழியர் வாயே திறக்காமல் மொத்த ஃபைலையும் பார்க்கிறாள். இந்த ஆபீஸ் விவரங்களில் பெரும்பகுதி மாங்காவில் கிடையாது, தொடருக்காகச் சேர்த்தது. முதல் தொடராக அதை நிற்க வைப்பதும் அந்தச் சேர்ப்புதான். எந்த மரபும் தெரிய வேண்டாம், ஒரு இடத்தில் வேலை பார்த்திருந்தால் போதும்.

குறையும் இருக்கிறது. ஆரம்ப எபிசோட்களில் மேனேஜர்களின் கோமாளித்தனம் அதிகம். தனபே 'அன்பு' பற்றிப் பேசும்போது சில இடங்களில் பிரசங்கம் கேட்கிற மாதிரி இருக்கும். கடைசிப் பகுதி வியாழனுக்குப் போகும் கப்பல், தீவிரவாதம் என்று வேறு தொடர் போல ஆகிவிடுகிறது. இதையெல்லாம் முன்கூட்டியே அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

முதல் வாரம் போன் வந்தது. "எழுத்தைப் படிக்கிறதா, படத்தைப் பாக்குறதாடா? அந்தப் புதுப் பொண்ணு ஏன் இப்படிக் கத்துது?" சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு போன். "அந்த டெம்பரரி பொண்ணு ஒருத்திதான் ஒழுங்கா வேலை பாக்குறா. எங்க செக்‌ஷன்லயும் ஏழு போஸ்ட்ல மூணு காலி. நாங்களும் ஹாஃப் செக்‌ஷன்தான்." அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. மருமகன் பிளானெட்டஸ் பார்த்ததே இல்லை. அம்மா என்ன பார்க்கிறாள் என்று ஹாலுக்கு வந்து நின்றிருக்கிறான். ஏழை நாட்டிலிருந்து ஒரு இன்ஜினியர், தாங்களே செய்த விண்வெளி உடையைச் சோதித்துக்கொடுக்கச் சொல்லி கம்பெனி கம்பெனியாகக் கேட்டு அலைகிற எபிசோட் அது. நின்றவன் உட்கார்ந்துவிட்டான். மீதியை இரண்டு பேரும் சேர்ந்தே முடித்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது டைட்டன் முதல் எபிசோடை அவனே போட்டான். அந்தக் காட்சி வந்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நிறுத்திவிட்டு, "வேணாம்னா விட்ரலாம்மா," என்றான். அக்கா, "இரு, அந்தப் பையன் என்ன ஆனான்னு சொல்லு," என்றாள். அவன் அரை மணி நேரம் சொன்னான். தொடரை அவள் தொடர்ந்து பார்க்கப் போவதில்லை, எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அக்காவுக்கு உண்மையில் பிளானெட்டஸ் முதல் அனிமே கிடையாது. 1993-ல் தூர்தர்ஷனில் இந்தியில் வந்த 'ஜங்கிள் புக்' நிப்பான் அனிமேஷன் 1989-ல் எடுத்த ஜப்பான் தொடர். இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் நானும் அவளும் மோக்லிக்காகக் காத்துக் கிடந்திருக்கிறோம். இதைச் சொன்னதும் மருமகன் நம்பவில்லை. "அம்மா, நீ என்னைவிட சீனியரா?" என்று கேட்டான்.