கை தெரியாத மன்னிப்பு

2009 ஜூலை 20 அன்று பாடகர் கிறிஸ் பிரவுன் ஒரு வீடியோ வெளியிட்டார். இரண்டு நிமிடம்தான். கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். செய்ததற்கு முழுப் பொறுப்பு என்னுடையது, வெட்கப்படுகிறேன், காதலியாக இருந்த பாடகி ரிஹானாவிடம் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இப்போது உங்களிடம் கேட்கிறேன் என்கிறார். வீட்டுக்குள் வன்முறை நடந்த குடும்பத்தில் வளர்ந்தவன் என்பதையும், வக்கீல் தடுத்ததால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்கிறார். பிரபலங்கள் கேட்கும் மன்னிப்புகளோடு வைத்துப் பார்த்தால் இது மோசமான ரகம் இல்லை. 'யார் மனமாவது புண்பட்டிருந்தால்' என்ற வழக்கமான சப்பைக்கட்டு இதில் கிடையாது.

ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் பிப்ரவரி 8 அதிகாலை இல்லை. கிராமி விருது விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, லாஸ் ஏஞ்சலஸ் தெருவில், வாடகைக்கு எடுத்த லம்போர்கினிக்குள் நடந்ததைப் போலீஸ் அதிகாரி ஒருவர் பிரமாணப் பத்திரமாக எழுதியிருந்தார். ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே மறு கையால் ரிஹானாவைக் குத்தியது, காதைக் கடித்தது, கழுத்தை நெரித்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக. மன்னிப்பில் வருத்தம் உண்டு, வெட்கம் உண்டு. கையும் பல்லும் இல்லை.

இதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. பொதுவில் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நிற்கும். வக்கீலுக்குச் சம்பளமே வாயை மூடவைக்கத்தான். அதோடு தேதிகளையும் பாருங்கள். ஜூன் 22 அன்று பிரவுன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்கப்பட்டது ஆகஸ்ட் 25: சிறை கிடையாது, ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆறு மாதச் சமூக உழைப்பு, ஓராண்டு வன்முறைத் தடுப்பு வகுப்பு. வீடியோ வந்தது இரண்டுக்கும் நடுவில்.

இப்படிப் பொதுவில் மன்னிப்புக் கேட்கும் பழக்கத்தால் பலனே இல்லையா? உண்டு, அது சின்னப் பலனும் அல்ல. அந்த ஆண்டு பாஸ்டன் நகரப் பொதுச் சுகாதார ஆணையம் 12 முதல் 19 வயது வரையுள்ள 200 பேரிடம் கேட்டது. நடந்ததற்கு ரிஹானாதான் பொறுப்பு என்றவர்கள் 46 சதவீதம். பிரவுன் பொறுப்பு என்றவர்கள் 51. இருவருமே பொறுப்பு என்றவர்கள் 52; பதில்கள் ஒன்றோடொன்று கலந்தவை என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். ரிஹானாவின் வீங்கிப்போன முகத்தின் படம் கசிந்து, உலகமே பார்த்த அந்த ஆண்டில் வந்த பதில்கள் இவை. பிள்ளைகள் காற்றிலிருந்து இதைப் பிடிக்கவில்லை, வீட்டில் பெரியவர்கள் பேசியதைத்தான் திருப்பிச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட ஊரில் அடித்தவனே முன்னால் வந்து 'தப்பு என்னுடையது' என்று சொன்னால், 'அவள் என்ன பண்ணினாளோ' என்று ஆரம்பிப்பவர்களின் வாய் ஓரளவாவது அடைபடும். ரசிகனுக்கு வேறு யார் சொன்னாலும் ஏறாது. அவன் நாயகனே சொன்னால் ஏற வாய்ப்புண்டு. பிரபலத்தின் மன்னிப்புக்கு இருக்கும் பெரிய பயன் இதுதான். நடந்ததா இல்லையா என்ற கேள்வியை அது முடித்துவைக்கிறது.

முடித்துவைத்த பிறகு அது என்ன செய்கிறது என்பதில்தான் எனக்குத் தகராறு. 2014 மே 23 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ், பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் வளாகத்தில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். பக்கத்து நாற்காலியில் மனைவி ஜெனே. அந்த பிப்ரவரியில், கல்யாணத்துக்கு முன்பு, அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதி ஒன்றின் லிஃப்டில் அவரைக் குத்தி மயங்கி விழவைத்தவர் ரைஸ். கையிலிருந்த போனில் குறிப்பைப் பார்த்துப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்: அணி உரிமையாளரிடம், பொது மேலாளரிடம், பயிற்சியாளரிடம், ரசிகர்களிடம். அடிவாங்கியவர் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் பெயர் பட்டியலில் இல்லை. போதாததற்கு, கீழே விழுவது தோல்வியில்லை, எழாமல் கிடப்பதுதான் தோல்வி என்று ஒரு தத்துவம் வேறு. பிறகு மைக் ஜெனேயிடம் போனது. அந்த இரவில் தன் பங்குக்கும் வருந்துவதாக அவர் சொன்னார். அணி அதை உடனே ட்விட்டரில் போட்டது.

ஜூலை 31 அன்று ரைஸ் மறுபடி பேசினார். போன தடவை மனைவியிடம் மன்னிப்புக் கேட்காமல் விட்டது ஜெனேயைச் சுட்டது என்று ஒப்புக்கொண்டார். இரண்டாவது மன்னிப்பு எல்லா வகையிலும் மேலானது. ஆனால் அதற்குள் கணக்கு முடிந்திருந்தது: கால்பந்து லீக் கொடுத்த தண்டனை இரண்டே ஆட்டத் தடை. அதே ஆண்டு கஞ்சா விவகாரத்தில் இன்னொரு வீரருக்கு முதலில் விதிக்கப்பட்டது ஒரு பருவம் முழுக்கத் தடை. ஜூலைக் கடைசியில் ரைஸ் பயிற்சிக்கு வந்தபோது அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

செப்டம்பர் 8 அன்று லிஃப்டுக்கு உள்ளே எடுத்த காட்சி வெளிவந்தது. அன்றே அணி அவரைக் கழற்றிவிட்டது, லீக் காலவரையற்ற தடை போட்டது, பழைய ட்வீட் காணாமல் போனது. மயங்கிக் கிடந்த பெண்ணை அவர் லிஃப்டிலிருந்து இழுத்துப்போட்ட காட்சியை நாடு பிப்ரவரியிலேயே பார்த்திருந்தது. புதிதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அந்தக் குத்து.

ரிஹானாவின் படத்தில் தெரிந்தது அடிபட்ட முகம். முகத்தைப் பார்த்தவர்கள் அந்த முகத்தையே விசாரித்தார்கள். லிஃப்ட் காட்சியில் தெரிந்தது அடித்த கை, அதனால் விசாரணை அவன் பக்கம் திரும்பியது. மன்னிப்பு அறிக்கைகள் மறைப்பதும் அந்தக் கையைத்தான். ஒருவன் எவ்வளவு உருகினாலும், என்ன செய்தான் என்று வாய்விட்டுச் சொல்லாதவரை, கேட்பவர்கள் அந்த இடத்தைத் தங்களுக்குப் பிடித்தமாதிரி நிரப்பிக்கொள்வார்கள்: சின்னத் தள்ளுமுள்ளாக, இருவர் சண்டையாக, 'அவள் பங்காக'.

அந்த லிஃப்ட் வீடியோவைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. ஜெனேயைக் கேட்காமலேயே அவர் விழுந்த விதம் ஊர் ஊராக ஓடியது. மறுநாள் அவர் ஊடகங்களைக் கடிந்து எழுதியபோது, அவருக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் கிளம்பினார்கள். பிரவுனோடு மறுபடி சேர்ந்த ரிஹானாவுக்கும் இதே கதிதான். ஊரறிய மன்னிப்புக் கேட்டவன் மன்னிக்கிற வேலையை அவள் தலையில் கட்டிவிட்டுப் போகிறான். மன்னித்தால் மானமில்லாதவள், மன்னிக்காவிட்டால் நெஞ்சில் ஈரமில்லாதவள்.

கையை மறைக்கும் மன்னிப்புகளில் இன்னும் அப்பட்டமானது ராப் பாடகர் ஷான் கோம்ப்ஸ் விவகாரம். அவர் தன்னை வதைத்ததாக முன்னாள் காதலி கேஸி வெஞ்சுரா 2023 நவம்பரில் வழக்குப் போட்டார். மறுநாளே பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். வேறு புகார்களும் சேர்ந்தபோது டிசம்பரில் கோம்ப்ஸ் எல்லாவற்றையும் அடியோடு மறுத்தார். 2024 மே 17 அன்று, 2016இல் ஓட்டல் தாழ்வாரத்தில் அவர் கேஸியை உதைத்து இழுத்த காட்சியை சிஎன்என் ஒளிபரப்பியது. இரண்டே நாளில் இன்ஸ்டாகிராமில் மன்னிப்பு. தன்மேலேயே அருவருப்பு என்றார். கேஸி பெயரைச் சொல்லவில்லை. ஆறு மாதம் பொய்யென்று நின்றது இரண்டு நாளில் உண்மையானால், அந்த மன்னிப்பை வெளியே கொண்டுவந்தது ஓட்டல் கேமரா என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேஸி அதன்பின் எழுதியபோது, பாதிக்கப்பட்டவர்கள் முதல் தடவை சொல்லும்போதே நம்புங்கள் என்று கேட்டார்.

மன்னிப்பின் தரத்துக்கும் அதன்பின் கிடைக்கும் வாழ்வுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. பிரவுன் 2012 பிப்ரவரியில் அதே கிராமி மேடையில் ஆடிப் பாடினார், சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பம் விருதும் வாங்கினார். இவர் என்னை அடித்தாலும் பரவாயில்லை என்று அன்றிரவு ட்விட்டரில் எழுதிய இளம்பெண்கள் ஒருவர் இருவர் இல்லை. இரண்டாம் தடவையாவது ஒழுங்காக மன்னிப்புக் கேட்ட ரைஸை, நவம்பரில் நடுவர் தடையை நீக்கிய பிறகும், எந்த அணியும் எடுக்கவில்லை. பிற்பாடு கல்லூரி வீரர்களிடம் போய்த் தன் கதையைச் சொல்லிவந்தார். லீக்குக்குத் திடீரென்று மனசாட்சி வந்துவிட்டது என்று இதை வைத்து நினைத்துவிட வேண்டாம். பிரவுனின் பாட்டு விற்றுக்கொண்டிருந்தது. ரைஸுக்கு வயது 27, பந்தைச் சுமந்து ஓடும் ஆட்டக்காரர்களுக்கு அது இறங்குமுகம். முந்தைய பருவத்தில் ஓர் ஓட்டத்துக்கு அவர் சராசரியாக எடுத்தது 3.1 கெஜம்.